அந்தப் போனை நான் எப்போது கண்டேன்

பொலிஸில் நான் கொடுத்த வாக்குமூலத்தில் ஒரு வசனம் இருந்தது. லொறியை ஓட்டி வந்தவர் நீல உறை போட்ட போனைக் காதில் வைத்துக் கதைத்துக்கொண்டு வந்ததை நான் கண்ணால் கண்டேன் என்பது அது. அந்த வசனத்தால் ஒரு மனிதன் ஆறு கிழமை பிணையில்லாமல் விளக்கமறியலில் இருந்தான். அதைச் சொன்னபோது எனக்குத் துளியும் சந்தேகம் இருக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பொய் சொல்லவில்லை.

யுத்தம் முடிந்து ஐந்தாறு வருடங்கள் போயிருந்தன. நுரைச்சோலைப் பக்கம் ஒரு பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். மன்னாரிலிருந்து முஸ்லிம்களான எங்களைப் புலிகள் வெளியேற்றியபோது எனக்கு நாலு வயது. அன்றிலிருந்து கல்பிட்டி றோட்டோரத்துக் குடியேற்றம் ஒன்றில்தான் எங்கள் வீடு. அதே ஒழுங்கையில், மூன்று வீடு தள்ளி, என் சிநேகிதி இருந்தாள். என்னைவிட இரண்டு வயது இளையவள், அதே பாடசாலையில் கணக்கு டீச்சர். தினமும் ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் வருவோம்.

அது தலவில தேவாலயத் திருநாள் நாட்கள். றோட்டு முழுக்க வேன்களும் பஸ்களும். பாடசாலை விட்டு நாங்கள் இரண்டு பேரும் பாண் கடைக்கு முன்னால் பஸ்ஸுக்காக நின்றோம். கச்சான் காற்று மணலை வாரி முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. நான் பர்தாவின் முனையால் கண்ணை மறைத்திருந்தேன். அவள் எனக்கு அரைக் காலடி முன்னால், பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தபடி நின்றாள். எங்கள் பஸ்ஸில் இடம் கிடைக்காது, திருநாள் கூட்டம் ஏறியிருக்கும் என்று ஏதோ சொன்னாள். எதிர்ப்பக்கத்தில் யாத்திரைக்காரர்களின் பஸ் ஒன்று பாட்டுப் போட்டுக்கொண்டு போனது. அப்போது பிரேக் பிடிக்கும் சத்தம். அடுத்து அவள் எனக்குப் பக்கத்தில் இல்லை.

மரக்கறி ஏற்றும் சின்ன லொறி. சந்தையில் இறக்கிவிட்டு வெறும் பெட்டிகளோடு கல்பிட்டிக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. அவளை வடிகானோரத்தில் தூக்கி எறிந்திருந்தது. நான் ஓடிப்போய் அவளுடைய தலையை மடியில் வைத்துக்கொண்டேன். மூச்சு இருந்தது, கண் திறக்கவில்லை. கடைக்காரர் தண்ணீர் கொண்டுவந்தார். ஒரு ஓட்டோவை மறித்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி முழுக்க நான் அவளுடைய பெயரைச் சொல்லிக்கொண்டே போனேன் என்று ஓட்டோக்காரர் பிறகு சொன்னார். எனக்கு அது நினைவில்லை.

அவளுடைய தம்பி ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தான். உப்பளத்தில் வேலை செய்பவன். உப்புப் பூத்த காலோடு, செருப்பில்லாமல் ஓடி வந்திருந்தான். எங்கள் ஒழுங்கையிலிருந்தும் பத்துப் பதினைந்து பேர் வந்துவிட்டார்கள். விராந்தையில் ஆளுக்காள் கதை. லொறிக்காரன் போனில் கதைத்துக்கொண்டு வந்தானாம். இந்தக் காலத்துப் பொடியன்கள் எல்லாரும் அப்படித்தான். இங்கேயே பிறந்து வளர்ந்த ஊர் ஆக்களுடைய பிள்ளை என்றால் கேஸை அமுக்கிவிடுவார்கள், விடக்கூடாது. நான் சுவரில் சாய்ந்து நின்றேன். என் காதில் எல்லாம் விழுந்தது.

மறுநாள் சுபஹுத் தொழுகை நேரம் அவள் மௌத்தானாள்.

ஜனாஸாவுக்கு முன்பே பொலிஸார் வந்து என்னைக் கூட்டிப்போனார்கள். கொன்ஸ்டபிள் சிங்களத்தில் கேட்டார், நான் சிங்களத்தில் சொன்னேன். அவர் மோசமான மனிதர் இல்லை. எனக்கு ஒரு பிளேன்டீ வரவழைத்துத் தந்தார். எழுதிக்கொண்டே வந்தவர் தலையை நிமிர்த்தாமல், போனில் கதைத்துக்கொண்டுதானே வந்தான் என்று கேட்டார். ஓம் என்றேன். என்ன மாதிரிப் போன் என்றார். நீல உறை, மேல் மூலையில் கண்ணாடி வெடித்திருந்தது என்று சொன்னேன். அதைச் சொல்லும்போது அந்தப் போன் என் கண்ணுக்கு முன்னால் இருந்தது. கொன்ஸ்டபிள் என்னைப் பார்த்து, டீச்சருக்கு நல்ல ஞாபகம் என்றார். வாசித்துக் காட்டினார், கையெழுத்துப் போட்டேன். பிறகு வீட்டுக்கு வந்து அவளைக் குளிப்பாட்டும் இடத்தில் நின்றேன்.

லொறிக்காரன் கல்பிட்டிப் பக்கம். இருபத்தாறு இருபத்தேழு வயதிருக்கும். விளக்கமறியலில் இருந்து பிணையில் வந்தான். லைசன் பொலிஸில், லொறி முதலாளியிடம். அவனுடைய லோயர், அந்தப் பெண்தான் பார்க்காமல் றோட்டுக்குள் இறங்கினாள் என்று நீதிமன்றத்தில் முதல் தவணையிலேயே சொன்னார். தம்பி அன்று பின்னேரம் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான். செத்தவள் வாய் திறக்கமாட்டாள் என்று எதையும் சொல்கிறார்கள், நீங்கள் ஒருவர்தான் ராத்தா எங்களுக்கு இருக்கிறீர்கள் என்றான். என்னையும் தன் அக்காவைப்போல அவன் சின்ன வயதிலிருந்தே ராத்தா என்றுதான் கூப்பிடுவான். நான் பயப்படாதே என்று சொன்னேன். அவள் பார்க்காமல் இறங்குகிறவள் இல்லை. அது எனக்குத் தெரியும். போனும் எனக்குத் தெரியும்.

என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்ட தவணைக்கு இரண்டு கிழமை இருக்கும்போதுதான் அந்தச் சனிக்கிழமை வந்தது.

அப்போது நான் ஆசிரியர் டிப்ளோமா படித்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமைகளில் புத்தளத்தில் வகுப்பு. உளவியல் எடுக்க மட்டக்களப்பிலிருந்து ஒரு மெடம் வருவார். அன்றைய பாடம் ஞாபகம் பற்றியது. முதலில் ஒரு பயிற்சி. பத்துச் சொற்களை அவர் வாசித்தார். வேறு பத்துச் சொற்களை எங்களை ஒவ்வொருவராக எழும்பிச் சொல்லச் சொன்னார். இரண்டும் கலந்து கலந்து. தேத்தண்ணி இடைவேளைக்குப் பிறகு தாளைத் தந்து சொற்களை எழுதச் சொன்னார். நான் பதினேழு எழுதினேன், பெருமையாக இருந்தது. பிறகு ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில், அதை யார் சொன்னது என்று எழுதச் சொன்னார்.

அதில்தான் சறுக்கினேன். "அலுமாரி" என்ற சொல்லை மெடம்தான் சொன்னார் என்று எழுதினேன். அவருடைய குரல், அவருடைய உச்சரிப்பு, எல்லாம் என் காதில் இருந்தது. பக்கத்துக் கதிரையில் இருந்த டீச்சர் சிரித்தார். அதைச் சொன்னது நான். எழும்பி நின்று, என் வாயால் சொன்னேனாம்.

மெடம் விளக்கினார். நமக்கு நடந்த ஒரு சம்பவத்தை இடத்தோடும் நேரத்தோடும் திரும்பக் காண்பதுபோல் நினைப்பதற்கு நிகழ்வு நினைவு என்று பெயர். அந்த நினைவில் உள்ள ஒவ்வொரு துண்டும் எங்கிருந்து வந்தது, நாமே கண்டதா, யாராவது சொன்னதா, மனதில் நினைத்துப் பார்த்ததா என்று அறிவது மூல நினைவு. இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை, ஒன்றில்லாமல் மற்றது முழுமையில்லை, ஆனால் எப்போதும் சேர்ந்தே வரும் என்று இல்லை. சம்பவம் பளிச்சென்று நிற்கும்போதே அதன் ஒரு துண்டு வேறெங்கிருந்தாவது வந்து ஒட்டியிருக்கலாம். ஒட்டிய இடத்தில் தழும்பு தெரியாது. கேள்வி கேட்கிறவரின் கேள்வியிலிருந்துகூட வந்து ஒட்டும். நேரமும் மாறி ஒட்டலாம், பின்னால் கண்டது முன்னால் போய் உட்காரலாம். தெளிவாக இருக்கிறது என்பதற்காக அது சரியான இடத்தில் இருக்கிறது என்று சொல்ல முடியாது.

நான் குறிப்பு எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

முதலில் என் ஞாபகத்துக்கு வந்தது லொறி இல்லை, வள்ளம். மன்னாரிலிருந்து வந்த வள்ளத்தில் ஒரு மஞ்சள் வாளி தண்ணீரில் விழுந்து மிதந்து போனதை நான் பார்த்தேன் என்று வருஷக்கணக்காகச் சொல்லி வந்திருக்கிறேன். பிள்ளைகளுக்கு வகுப்பிலும் சொல்லியிருக்கிறேன். என் உம்மா அதைக் கேட்கும்போதெல்லாம், நீ கரை சேரும்வரை என் மடியில் நித்திரை, வாளியைப் பார்த்தது உன் ராத்தா என்பார். நான் அதைக் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. எனக்கு வாளி தெரிகிறதே.

பஸ்ஸில் வரும்போது போனை எடுத்துப் பார்த்தேன், மனதுக்குள்தான். நீல உறை. வலது மேல் மூலையில் கண்ணாடி வெடிப்பு, நகத்தளவு. அதற்கு மேலே நான் போகவில்லை. பாலாவி தாண்டி உப்பளம் தெரியும் இடத்தில்தான் கேட்டேன்: காற்றுக்குக் கண்ணை மறைத்துக்கொண்டு நின்ற நான், ஓடி வருகிற லொறிக்குள், ஒருவன் காதோடு ஒட்டி வைத்திருக்கும் போனின் கண்ணாடியில் நகத்தளவு வெடிப்பை எப்படிக் கண்டேன்? காதில் வைத்தால் கண்ணாடி கன்னத்துப் பக்கம் அல்லவா இருக்கும்?

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, றோட்டோரத்தில் கொஞ்ச நேரம் குந்தியிருந்தேன்.

அடுத்த நாள் ஓட்டோக்காரரைத் தேடிப் போனேன். பாண் கடைக்குப் பக்கத்தில்தான் நிறுத்துவார். லொறிக்காரன் போனில் கதைத்தபடி வந்ததை அவர் கண்டாரா என்று கேட்டேன். அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். அவர் வரும்போது எல்லாம் முடிந்துவிட்டதே. ஆஸ்பத்திரியில் அந்தக் கதையைத் தம்பியிடம் சொன்னது அவர்தான், ஓம். ஆனால் ஓட்டோவில் போகும்போது அவளுடைய பெயருக்கு இடையிடையே நான்தான் "போன், போன்" என்று சொல்லிக்கொண்டு வந்தேனாம். அதைக் கேட்டுத்தான் அவர் அப்படி விளங்கிக்கொண்டார்.

"நான் ஏன் போன் எண்டு சொன்னன்?" என்றேன்.

"இப்ப யோசிச்சாத்தான் வெளங்குது. ஒங்கட போன் பேக்கோட எங்கயோ எறிபட்டுப் போச்சி எண்டு தேடினீங்கதானே டீச்சர். பொறகு அந்தப் பொடியன்ட கையில இருந்து பறிச்சீங்க."

"எந்தப் பொடியன்ட?"

"லொறிக்காரன்ட. அவன் ஆஸ்பத்திரிக்குக் கோல் எடுக்கப் பாத்தான், கை நடுங்கி நம்பர அமத்த ஏலாம நிண்டான். நீங்க பறிச்செடுத்து யாருக்கோ கதைச்சீங்க. நான் கண்ணால கண்டன்."

எனக்கு அப்படி ஒன்று நடந்ததாகவே நினைவில் இல்லை. நான் தம்பிக்கு என் போனிலிருந்து கதைத்தேன் என்றுதான் நினைத்திருந்தேன். ஓட்டோக்காரருக்கும் ஞாபகம் பிசகலாம் அல்லவா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதைப் பிடித்துக்கொண்டே இரண்டு நாள் ஓட்டினேன். வகுப்பில் கரும்பலகையில் எழுதிக்கொண்டு நிற்கும்போது கை நின்றுவிடும். பிள்ளைகள் டீச்சர், டீச்சர் என்று கூப்பிடுவார்கள்.

மூன்றாம் நாள் தம்பியின் வீட்டுக்குப் போனேன். அவன் அஸர் தொழுதுவிட்டு வந்து வாசலில் வலை மடித்துக்கொண்டிருந்தான், உப்பளத்தில் வேலையில்லாத நாட்களில் களப்பில் மீன் பிடிப்பான். அன்று நான் எந்த நம்பரிலிருந்து உனக்கு அடித்தேன் என்று கேட்டேன். ஏன் என்று அவன் கேட்கவில்லை. தன் போனை எடுத்து, அன்றைய தேதிக்குப் போய்க் காட்டினான். அந்த அழைப்பை அவன் அழிக்காமல் வைத்திருந்தான். அவனுடைய சகோதரிக்கு விபத்து என்று வந்த அழைப்பு. பெயரில்லாத ஒரு நம்பர். என்னுடையது இல்லை.

நம்பரை எழுதிக்கொண்டு வீட்டுக்கு வந்து, அறைக் கதவைச் சாத்திவிட்டு அடித்தேன். மூன்று தரம் மணி போனது. "ஹலோ" என்றது ஒரு ஆண் குரல். பின்னால் ஒரு குழந்தை அழுதது. "ஹலோ, யாரு கதைக்கிறது?" அந்தக் குரலை நான் முதல் தவணையில் நீதிமன்றத்தில், கூண்டிலிருந்து கேட்டிருக்கிறேன். வெட்டிவிட்டேன்.

அப்போதும் எனக்கு அந்தப் பறித்த காட்சி வரவில்லை. ஆனால் என் பெருவிரலுக்கு ஒன்று தெரிந்தது. அந்த வெடிப்பின் மேல் அழுத்தும்போது ஏற்படும் கீறல். பறித்துப் பிடித்தபோது அந்த மூலையில்தான் விரல் பட்டிருக்கவேண்டும். போன் இருந்தது, நீல உறை இருந்தது, வெடிப்பு இருந்தது. என் கையில்தான் இருந்தது. அவன் போனில் கதைத்தபடி வந்தான் என்ற கதையும் என் வாயிலிருந்து கிளம்பி, ஓட்டோக்காரர் வழியாகத் தம்பியிடம் போய், விராந்தையில் பத்துப் பேர் வாயில் ஏறி, என்னிடமே திரும்பி வந்திருந்தது. நான் அதைக் கேட்டு, ஓம், நானும் கண்டேன் என்று நம்பிவிட்டேன்.

அவன் மோதுவதற்கு முன்பும் போனில் கதைத்திருக்கலாம். அதுவும் எனக்குத் தெரியாது. தெரியாது என்பதுதான் நான் சொல்லக்கூடிய ஒரே உண்மையாக இருந்தது.

தவணைக்கு முதல் நாள் தம்பியிடம் போய்ச் சொன்னேன். சொல்லாமல் போய்க் கூண்டில் நின்று சொல்லியிருக்கலாம், ஆனால் அவன் அதைச் சபையில் முதல் தரம் கேட்கக்கூடாது என்று நினைத்தேன். அவனுடைய உம்மா உள்ளே இருந்தார். நான் மெதுவாகத்தான் கதைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், ஓட்டோக்காரர் சொன்னது, நம்பர், வெடிப்பு. அவன் கேட்டுக்கொண்டே இருந்தான்.

"அப்ப எங்கட ராத்தாதான் றோட்டுக்குள்ள பாஞ்சா எண்டு சொல்லப்போறீங்களா?"

"இல்ல. அத நான் காணல்ல. காணாதத சொல்லமாட்டன்."

"போனையும் காணல்ல. அவ நிண்டதயும் காணல்ல. பக்கத்துல நிண்டு எதத்தான் கண்டீங்க?"

அதோடு விடாமல், யாராவது உங்களிடம் வந்து கதைத்தார்களா, லொறிக்காரனுடைய ஆக்கள் வீட்டுக்கு வந்தார்களா என்று கேட்டான். இல்லை என்றேன். அவன் நம்பினானா என்று தெரியாது. எழும்பி உள்ளே போய்விட்டான். அவனுடைய உம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். அவருக்கு எதுவும் கேட்டிருக்கவில்லை. என் தலையைத் தடவி, நாளைக்கு நேரத்தோடு போ மகள், பஸ் நெருக்கமாக இருக்கும் என்றார். அந்தத் தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். அதைப்போல் கடினமான ஒன்றை நான் செய்ததில்லை.

நீதிமன்றத்தில் எங்கள் ஒழுங்கைக்காரர்கள் ஒரு பக்கம், கல்பிட்டிக்காரர்கள் ஒரு பக்கம். உறுதிமொழியை மெதுவாகச் சொன்னேன், திரும்பச் சொல்லச் சொன்னார்கள். பொலிஸ் தரப்பில் வாக்குமூலத்தை வாசித்து, இது சரிதானா என்று கேட்டார்கள். மொழிபெயர்ப்பாளர் என்னைப் பார்த்தார். இந்தத் தடவை நான் தமிழிலேயே சொன்னேன்: அந்தப் போனைக் கண்டது சரி. எப்போது கண்டேன் என்பது பிழை. விபத்துக்குப் பிறகு அதை அவர் கையிலிருந்து வாங்கி நானே கதைத்திருக்கிறேன். அதற்கு முன் அவர் கதைத்தாரா என்று எனக்குத் தெரியாது.

மண்டபத்தில் சலசலப்பு. நீதவான் சிங்களத்தில் கேட்டதை மொழிபெயர்ப்பாளர் எனக்குத் தமிழில் சொன்னார். அப்படியென்றால் அன்று பொலிஸுக்குப் பொய் சொன்னீர்களா?

"பொய் சொல்லல்ல. அண்டைக்கு எனக்கு அப்பிடித்தான் தெரிஞ்சது. இப்பவும் கண்ண மூடினா அப்பிடித்தான் தெரியுது. ஆனா அது அந்த நேரத்துல கண்டதில்ல எண்டு இப்ப எனக்கு விளங்குது."

மொழிபெயர்ப்பாளர் கொஞ்சம் யோசித்துத்தான் அதைச் சிங்களத்தில் சொன்னார். நீதவான் எழுதிக்கொண்டார். பிறகு லோயர் எழும்பி, இறந்தவர் பார்க்காமல் றோட்டுக்குள் இறங்கியதையாவது ஒத்துக்கொள்கிறீர்களா என்றார். ஒத்துக்கொள்ளமாட்டேன் என்றேன். அதையும் நான் காணவில்லை. அவர் இரண்டு மூன்று விதமாகத் திருப்பித் திருப்பிக் கேட்டார். காற்றுக்குக் கண்ணை மறைத்திருந்தேன் என்று ஒவ்வொரு தடவையும் சொன்னேன். கடைசித் தடவை சொல்லும்போது அழுதுவிட்டேன்.

வெளியே வரும்போது எங்கள் ஆட்கள் எனக்கு வழி விட்டார்கள், யாரும் கதைக்கவில்லை. தண்ணீர்க் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். லொறிக்காரன் வந்து கொஞ்சம் தள்ளி நின்றான். மெலிந்திருந்தான். நன்றி சொல்லப்போகிறான் என்று நினைத்தேன். எனக்கு அது வேண்டாம் என்று இருந்தது.

"டீச்சர்," என்றான், "நான் கதைச்சிட்டு வரல்ல எண்டு எனக்குத் தெரியும். ஆனா எல்லாரும் சொல்லச் சொல்ல, உள்ள இரிக்கிற நேரம் எனக்கே சந்தேகம் வந்திட்டு. கதைச்சனோ எண்டு. யாரோட கதைச்சன் எண்டு யோசிச்சி யோசிச்சிப் பாத்தன்."

நான் குழாயை மூடினேன். அவன் ஸலாம் சொல்லிவிட்டுப் போனான்.

வழக்கு அதோடு முடியவில்லை. றோட்டில் கிடந்த டயர் அடையாளத்தை வைத்து, அந்த நெருக்கமான றோட்டில் அவன் வந்த வேகம் கூட என்று பொலிஸார் காட்டினார்கள். அவன் அதை ஒத்துக்கொண்டான். ஒத்திவைத்த சிறைத்தண்டனையும், கொஞ்சக் காலத்துக்கு லைசன் ரத்தும் கொடுத்தார்கள். என் சிநேகிதி பார்க்காமல் இறங்கினாள் என்று தீர்ப்பில் எங்கும் இல்லை. அதை நான் போய்ச் சொல்ல நினைத்தேன். ஆனால் அந்த வீட்டுக் கதவு எனக்குத் திறக்கவில்லை.

ஆறு வருஷம் தம்பி என்னோடு கதைக்கவில்லை. ஒழுங்கையில் எதிரே வந்தால் சைக்கிளை மற்றப் பக்கம் திருப்பிவிடுவான். அவனுடைய உம்மா மட்டும் பெருநாளுக்கு வட்டிலப்பம் அனுப்புவார், யாராவது ஒரு பிள்ளையின் கையில். நானும் ஏதாவது போட்டுத் தட்டைத் திருப்பி அனுப்புவேன்.

ஏழாம் வருஷம் தை மாதம், முதலாம் ஆண்டுக்குப் பிள்ளைகளைச் சேர்க்கும் நாளில், அவன் தன் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு என் வகுப்பு வாசலில் நின்றான். மகளுக்கு அவன் தன் சகோதரியின் பெயரை வைத்திருந்தான். பெயர்ப் பட்டியலில் அதை எழுதும்போது எழுத்து கோணிப் போனது, அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். அவன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இவக்கு வலப்பக்கக் காது கொஞ்சம் கேக்காது. முன்னுக்கு இருத்துங்க டீச்சர்," என்றான்.

டீச்சர் என்றான். ராத்தா என்று சொல்லவில்லை. நான் பிள்ளையை முன்வரிசையில், என் மேசைக்குப் பக்கத்தில் இருத்தினேன். அவன் வாசலில் இன்னும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, மணி அடித்ததும் போனான்.